மதியம் 12.15-க்கு இரண்டு சாக்ஸபோன், ஒரு பியானோ: அடிக்கடி வரும் கேள்விகள்

சிகாகோ டவுன்டவுனில் மிச்சிகன் அவென்யூவை ஒட்டி, வாஷிங்டன் தெரு முனையில் கல்ச்சுரல் சென்டர் என்று ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. டேம் மைரா ஹெஸ் என்ற பியானோ கலைஞரின் நினைவுக் கச்சேரிகள் என்ற பெயரில் 1977-இலிருந்து புதன்கிழமை மதியங்களில் இலவசமாகச் சேம்பர் மியூசிக், அதாவது சின்னக் குழுக்கள் வாசிக்கும் மேற்கத்திய இசை, நடப்பது இங்கேதான். பெரும்பாலும் வயலின், செல்லோ, பியானோ, பாட்டு. எப்போதாவது சாக்ஸபோனும் பியானோவும் சேர்ந்த மூவர் குழு வரும், அதைத்தான் நான் எல்லாரிடமும் போய்க் கேளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். சொன்னவுடன் வருகிற கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நிஜமாகவே இலவசமா? உள்ளே போனபின் ஏதாவது கேட்பார்களா?

கேட்க மாட்டார்கள். நடந்து உள்ளே போகலாம், காலியாக இருக்கிற நாற்காலியில் உட்காரலாம், முடிந்ததும் எழுந்து வரலாம். நடத்துவது லாப நோக்கில்லாத ஓர் அமைப்பு, நன்கொடையில் ஓடுகிறது, விருப்பமிருந்தால் நீங்களும் கொடுக்கலாம், கொடுக்காவிட்டால் யாரும் முறைக்கப் போவதில்லை. இடம் மட்டும் அவ்வப்போது மாறியதுண்டு, அதனால் கிளம்புவதற்கு முன் அந்த வாரம் எங்கே என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இலவசம் என்றால் தரம் எப்படி இருக்கும்?

மார்கழியில் மெட்ராஸ் சபாக்களில் மதியம் டிக்கெட் இல்லாமல் நடக்கிற கச்சேரிகளுக்குப் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சாயங்கால மேடைக்கு இன்னும் சில வருடங்கள் இருக்கிற ஆட்கள், உயிரைக் கொடுத்து வாசிப்பார்கள், அரங்கில் பாதிதான் நிறைந்திருக்கும். இங்கேயும் அதே கதைதான். மைரா ஹெஸ் மேடைக்கு வருபவர்களில் நிறையப் பேர் வளர்ந்துவரும் கலைஞர்கள், போட்டிகளில் ஜெயித்துவிட்டு அடுத்த படிக்குக் காத்திருப்பவர்கள். அதோடு வாசிப்பது அப்படியே டபிள்யூ.எஃப்.எம்.டி. வானொலியில் நேரலையாகப் போகும். ஊரே கேட்கிறது என்று தெரிந்தால் யாரும் ஏனோதானோவென்று வாசிக்க மாட்டார்கள்.

ஏன் மதியம்? அதுவும் 12.15?

கொஞ்சம் நீளமான பதில், ஆனால் இந்தக் கச்சேரிகளின் மூலக்கதையே இதில்தான் இருக்கிறது.

1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் லண்டனில் தியேட்டர், கச்சேரி அரங்கம் எல்லாவற்றையும் மூடினார்கள். குண்டு விழும் என்ற பயம், ராத்திரியில் விளக்கே ஏற்றக்கூடாது என்ற உத்தரவு. டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கும் நேஷனல் கேலரியில் ஓவியங்களைக் கழற்றி வேல்ஸ் பக்கம் அனுப்பிவிட்டார்கள், சுவர்கள் வெறுமையாக நின்றன. பியானோ கலைஞர் மைரா ஹெஸ் அந்தச் சமயம் தன் அமெரிக்கப் பயணத்தை ரத்து செய்துவிட்டு ஊரிலேயே இருந்தார். கேலரியின் இயக்குநர் கென்னத் கிளார்க்கைப் பார்த்து இங்கே கச்சேரி வைக்கலாமா என்று கேட்டார். ராத்திரியில் முடியாது என்பதால் மதியம். வாரத்துக்கு ஒன்றோ என்னமோ என்று அவர் யோசித்திருக்க, தினமும் வையுங்கள் என்று கிளார்க் சொல்லிவிட்டார்.

1939 அக்டோபர் 10-ஆம் தேதி முதல் கச்சேரி. வாசித்ததும் மைரா ஹெஸ்தான். கொஞ்சம் பேர்தான் வருவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் தெருவரை வரிசை நின்றது. அதன்பின் திங்கள் முதல் வெள்ளி வரை, 1946 ஏப்ரல் 10 வரை, மொத்தம் 1,698 கச்சேரிகள், கேட்டவர்கள் 8 லட்சத்துக்கும் மேல். குண்டுவீச்சு உச்சத்தில் இருந்தபோது கீழே பாதுகாப்பு அறைக்கு மாற்றிக்கொண்டார்களே தவிர நிறுத்தவில்லை. அங்கே சாப்பிடவும் கிடைக்கும், தேனும் உலர்திராட்சையும் வைத்த சாண்ட்விச் அந்தக் காலத்தில் ரொம்பப் பேர்போனது. ஆபீஸில் இருந்து ஓடிவந்து, கையில் சாண்ட்விச்சோடு மோட்ஸார்ட்டைக் கேட்டுவிட்டு, மறுபடி ஆபீஸுக்கு ஓடுவார்கள். அது இலவசம் இல்லை, ஒரு ஷில்லிங் கட்டணம் உண்டு. சிகாகோ அந்த ஷில்லிங்கையும் எடுத்துவிட்டது.

12.15 எதற்கு என்றால், பன்னிரண்டு மணிக்கு நாற்காலியை விட்டு எழுந்திருப்பவருக்கு நடந்து வர ஒரு கால் மணி வேண்டாமா? சரியாக ஒரு மணிக்கு முடியும். வானொலி நேரமும் அவ்வளவுதான் என்பதால் இழுக்க மாட்டார்கள்.

பியானோ ட்ரியோ என்றால் மூன்று பியானோவா?

இல்லை. சாதாரணமாக அந்தப் பெயரில் வருவது வயலின், செல்லோ, பியானோ மூன்றும் சேர்ந்த குழு. இங்கே நாம் பேசுவது இரண்டு சாக்ஸபோன், ஒரு பியானோ. சில குழுக்களில் ஒரு சாக்ஸபோன், ஒரு செல்லோ அல்லது வயலின், ஒரு பியானோ என்றும் இருக்கும். எப்படி இருந்தாலும் முன்னால் நின்று கையசைத்து நடத்துகிற கண்டக்டர் கிடையாது, ஆளுக்கு ஒரு பங்கு, ஒருவர் பங்கை இன்னொருவர் மறைக்க முடியாது. சேம்பர் மியூசிக் என்பது அவ்வளவுதான், பெயரைக் கேட்டு மிரள ஒன்றுமில்லை.

சாக்ஸபோன் ஜாஸ் வாத்தியம் ஆயிற்றே, இதில் எப்படி வந்தது?

ஜாஸ் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்னால் வந்துவிட்டது. செய்தவர் அடோல்ஃப் சாக்ஸ், 1814-இல் பெல்ஜியத்தின் தினான் என்ற ஊரில் பிறந்தவர், அப்பாவும் வாத்தியம் செய்கிறவர். பாரிஸுக்குப் போய்ப் பட்டறை போட்டு 1846-இல் சாக்ஸபோனுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு நான்கு வருடம் முன்னாலேயே பெர்லியோஸ் என்ற பெரிய பிரெஞ்சு இசையமைப்பாளர் அதைக் கேட்டுவிட்டுப் பத்திரிகையில் புகழ்ந்து எழுதியிருந்தார்.

அவ்வளவு பெரிய சிபாரிசு இருந்தும் ஆர்கெஸ்ட்ராவில் ஏன் நாற்காலி கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு எப்போதும் சுவாரஸ்யம். முதல் காரணம், தாமதமாக வந்தது, மோட்ஸார்ட்டும் பீத்தோவனும் எழுதி முடித்துப் போய்விட்டார்கள். இரண்டாவது, பாரிஸின் மற்ற வாத்தியத் தயாரிப்பாளர்கள் சும்மா விடவில்லை, கூட்டமாகச் சேர்ந்து வழக்கு மேல் வழக்காகப் போட்டு ஆளைத் தேய்த்தார்கள், சாக்ஸ் பலமுறை திவாலானார். கைகொடுத்தது ராணுவம். 1845-இல் பாரிஸின் ஷாம் த மார்ஸ் திடலில் பழைய பாணி பேண்டுக்கும் சாக்ஸின் வாத்தியங்கள் கொண்ட பேண்டுக்கும் நேருக்கு நேர் போட்டி வைத்தார்கள், ஜனங்கள் சாக்ஸ் பக்கம் சாய, பிரெஞ்சு ராணுவ பேண்டுகளில் அவருடைய வாத்தியங்கள் நுழைந்தன. 1857-இல் பாரிஸ் கன்சர்வட்டரி என்ற இசைக் கல்லூரியில் அவரே வகுப்பும் எடுக்க ஆரம்பித்தார். 1870-இல் போர் வந்து வகுப்பு நின்றது. மறுபடி அங்கே சாக்ஸபோன் வகுப்பு திறந்தது 1942-இல், மார்செல் ம்யூல் ஆசிரியராக வந்தபோது. நடுவே எழுபது வருடம் போய்விட்டது, அதற்குள் அமெரிக்காக்காரன் அதை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டான்.

ஆர்கெஸ்ட்ராவில் அங்கங்கே தலைகாட்டும், அவ்வளவுதான். ராவெலின் பொலேரோவில் வரும், முஸோர்க்ஸ்கியின் பியானோ படைப்பை 1922-இல் ராவெல் ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றியபோது ‘பழைய கோட்டை’ என்ற பகுதியில் ஆல்ட்டோ என்கிற நடுத்தர அளவு சாக்ஸபோனுக்கு ஓர் அழகான தனி வாசிப்பு கொடுத்திருப்பார். அதனால் முறையான மேற்கத்திய சாக்ஸபோனை ஆற அமரக் கேட்க வேண்டுமானால் இந்த மாதிரிச் சின்னக் கச்சேரிகள்தான் வழி. வாசல் திறந்திருக்கிற மதியக் கச்சேரியும், பெரிய வீட்டில் இடம் கிடைக்காத வாத்தியமும் ஒன்றுக்கொன்று நல்ல பொருத்தம் என்று எனக்குத் தோன்றும்.

கத்ரி கோபால்நாத் வாசித்தாரே, அதே சாக்ஸபோன்தானா?

வாத்தியம் அதேதான், அவர் கையில் இருந்ததும் ஆல்ட்டோ. வீட்டில் நாகஸ்வரம் கற்றுக்கொண்ட ஆள், மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு அதன் பின்னால் போனவர், கமகம் வரவேண்டும் என்பதற்காக வாத்தியத்திலேயே மாற்றங்கள் செய்துகொண்டார். 1994-இல் லண்டனில் பிபிசி ப்ராம்ஸ் மேடை வரை போனார். நம்மில் பலருக்குச் சாக்ஸபோன் என்றாலே அவர் முகம்தான் ஞாபகம் வரும், அதில் தப்பே இல்லை.

ஆனால் அந்தக் காதோடு போய் உட்கார்ந்தால் முதல் ஐந்து நிமிஷம் ஒரு மாதிரி இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இங்கே ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் சறுக்குவது குறைவு. ஒவ்வொரு ஸ்வரமும் ஓரங்கள் தேய்த்த கண்ணாடித் துண்டு போல நறுக்கென்று வந்து நிற்கும், அழகு எல்லாம் அது எப்படித் தொடங்குகிறது, எப்படி அடங்குகிறது என்பதில்தான். ஜாஸில் வருகிற கரகரப்பும் இருக்காது. மவுத்பீஸே வேறு, உள்ளே குடைவு சின்னது, சத்தம் வட்டமாக, கொஞ்சம் கிளாரினெட்டும் கொஞ்சம் செல்லோவும் கலந்த மாதிரி வரும்.

பித்தளையில் செய்தது, ஆனால் மரக்காற்று வாத்தியம் என்கிறார்களே?

உடம்பு பித்தளை, சத்தம் பிறப்பது ரீடில். நாகஸ்வரத்துச் சீவாளி மாதிரியே இதுவும் நாணல் வகைதான், ஆனால் ஒற்றைப் பட்டை. அந்த ரீட் காய்ந்துவிட்டால் கதை முடிந்தது, அதனால்தான் மேடைக்கு வரும்போதே அதை வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டு வருவார்கள்.

முன்வரிசையில் உட்கார்ந்தால் இன்னொன்றும் பார்க்கலாம். ஜி ஷார்ப் சாவி இருக்கிறதே, அது சாக்ஸபோன்காரர்களின் நிரந்தரத் தலைவலி. ஈரத்தில் அதன் பஞ்சுத் திண்டு துளையோடு ஒட்டிக்கொள்ளும், விரலை அழுத்தினாலும் திறக்காது, வரவேண்டிய ஸ்வரத்துக்குப் பதில் வேறு ஏதோ வரும். அதற்காக ஒரு பகுதி முடிந்து அடுத்தது ஆரம்பிக்கும் இடைவெளியில் மெல்லிய சிகரெட் தாளை அந்தத் திண்டுக்கு அடியில் செருகி, சாவியை மெதுவாக மூடி, ஈரத்தை ஒற்றி எடுப்பார்கள். பக்கத்தில் பியானோக்காரர் அவசரமே இல்லாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

என்னென்ன வாசிப்பார்கள்?

குழுவைப் பொறுத்தது. ஆனால் இரண்டு சாக்ஸபோன், ஒரு பியானோ என்றால் சில உருப்படிகள் திரும்பத் திரும்ப வரும்.

ஜான் பாப்டிஸ்ட் சிங்கெலே எழுதிய டுவோ கன்செர்ட்டான் அதில் முதலாவது. சிங்கெலே சாக்ஸின் நண்பர், பெல்ஜியத்துக்காரர், வயலின் வாசிப்பவர். சாக்ஸின் கன்சர்வட்டரி மாணவர்களுக்காக நிறைய எழுதினார், இது 1858-ஐச் சேர்ந்தது, சோப்ரானோ என்கிற சின்ன, உயர்ந்த குரல் சாக்ஸபோனுக்கும் ஆல்ட்டோவுக்கும் பியானோவோடு. ஓப்பராவில் இரண்டு பாடகிகள் ஒருவரை ஒருவர் விஞ்சப் பார்ப்பது போன்ற இசை. ஆழமான படைப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் வாசிப்பவர்களுக்குக் கைவேலை நிறைய, கேட்பவர்களுக்கு ஜாலி.

அப்புறம் மெண்டல்சனின் கன்செர்ட்ஷ்டுக் இரண்டில் ஒன்று. இது சாக்ஸபோன் பிறப்பதற்கு முன்னால், 1832-33 குளிர்காலத்தில், கிளாரினெட்டுக்கும் அதே குடும்பத்தில் தாழ்ந்த குரல் கொண்ட பாஸெட் ஹார்னுக்கும் எழுதியது. இதன் பின்கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஹைன்ரிஷ் பேர்மன் என்ற கிளாரினெட் மேதையும் அவர் மகன் கார்லும் மெண்டல்சன் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள், அப்பாவும் பிள்ளையும் அடுப்படியில் மாவு பிசைந்து பலகாரம் செய்கிறார்கள், அந்த நேரத்துக்குள் இவர் உட்கார்ந்து எழுதுகிறார். கையெழுத்துப் பிரதிக்கு அவர் வைத்த வேடிக்கைத் தலைப்பிலேயே அந்தப் பலகாரத்தின் பெயர் இருக்கிறது. எட்டு, ஒன்பது நிமிஷத்தில் முடிந்துவிடும், சாக்ஸபோனில் வாசித்தாலும் அந்தக் குறும்பு போவதில்லை.

பூலாங்க் 1926-இல் ஓபோ, பசூன், பியானோவுக்கு எழுதிய ட்ரியோவும் இப்படி மாற்றி வாசிக்கப்படுவது உண்டு. மாற்றி வாசிப்பதைக் குறையாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து சொந்தமாகக் கைநிறையச் சொத்து இல்லாத வாத்தியம், கடன் வாங்கத்தான் செய்யும், நன்றாக வாசிக்கிறார்களா என்பதை மட்டும் பாருங்கள்.

ஹிண்டமித்தின் 1928 ட்ரியோ நிகழ்ச்சிநிரலில் இருந்தால் கட்டாயம் போங்கள், அடிக்கடி கிடைக்காது. வயோலா, ஹெக்கல்ஃபோன், பியானோ என்று எழுதினார். ஹெக்கல்ஃபோன் ஓபோ குடும்பத்தில் தாழ்ந்த குரல் கொண்ட அபூர்வமான வாத்தியம், வைத்திருப்பவரும் வாசிப்பவரும் கிடைப்பது கஷ்டம் என்பதால் ஆல்ட்டோவைவிடப் பெரிய டெனர் சாக்ஸபோனில் வாசிக்கிற வழக்கம் வந்தது. கடினமான இசை, முதல் தடவையில் பிடிபடாது, இருந்தும் டெனரும் வயோலாவும் ஒரே உயரத்தில் உரசிக்கொண்டு போகிற இடங்களில் நிமிர்ந்து உட்காருவீர்கள்.

கடைசியில் கூட்டத்தைச் சந்தோஷமாக அனுப்ப மியோவின் ஸ்கரமூஷ் வரலாம். ஒரு சாக்ஸபோனுக்கும் பியானோவுக்கும் அவரே செய்த வடிவம் இருக்கிறது, மூன்றாம் பகுதி முழுக்க பிரேசில் தாளம். பக்கத்தில் இருப்பவரின் கால் தானாக ஆட ஆரம்பிக்கும்.

எப்போது கை தட்டுவது?

ஒரு படைப்பு முழுதாக முடிந்த பிறகு. அதற்குள் மூன்று நான்கு பகுதிகள் இருக்கும், நடுவே மௌனம் வரும், அங்கே தட்டுவது வழக்கமில்லை. ‘ஆஹா’, ‘பேஷ்’ எல்லாம் மனசுக்குள்தான். எண்ணிக்கை தவறிவிட்டால் வாசிப்பவர்களைப் பாருங்கள். சாக்ஸபோன் வாயருகிலேயே இருந்தால் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம், கீழே இறக்கி, பியானோக்காரரும் கையை மடியில் போட்டுவிட்டால் முடிந்தது. யாராவது நடுவில் தட்டிவிட்டாலும் ஒன்றும் குடி முழுகிப் போகாது, இலவசக் கச்சேரிக்கு வருகிற கூட்டம் இந்த விஷயத்தில் தாராளமானது.

எங்கே உட்கார்ந்தால் நல்லது?

முன்பாதி, நடுவில். காரணம் அந்த அறை. 1897-இல் நகரத்தின் பொது நூலகமாகக் கட்டியது, கச்சேரி நடக்கும் பிரெஸ்டன் பிராட்லி ஹாலில் சுவரெல்லாம் பளிங்கும் மொசைக்கும், தலைக்கு மேல் 38 அடி விட்டத்தில் டிஃபனி கண்ணாடிக் கூரை. அண்ணாந்து பார்த்தால் மீன் செதில் மாதிரி அடுக்கிய கண்ணாடித் துண்டுகள், ஏறக்குறைய 30,000, உச்சியில் பன்னிரண்டு ராசிகளின் சின்னங்கள். பல காலம் அதன்மேல் இன்னொரு கூரை போட்டு மூடி வைத்திருந்தார்கள், 2008-இல் சீரமைத்தபோது அதை எடுத்துவிட்டு வெளிச்சம் புகும் கூரை போட்டதால் இப்போது மதிய வெயில் உள்ளே இறங்குகிறது. ஒரு மேகம் கடந்து போனால் அறையின் நிறமே மாறும், அதைப் பார்ப்பதற்கு மட்டும்கூட 12.15 சரியான நேரம்.

பார்க்க அழகு, சத்தத்துக்குக் கொஞ்சம் சோதனை. பளிங்கில் பட்டு எதிரொலி நீளும், பின்னால் போகப் போகப் பியானோவின் வேகமான இடங்கள் ஒன்றோடொன்று குழம்பும். சாக்ஸபோனுக்குப் பிரச்சினை இல்லை, அது எங்கே உட்கார்ந்தாலும் தேடி வந்து விழும். ஆகவே பியானோவுக்காக முன்னால் உட்காருங்கள்.

குழந்தையைக் கூட்டிப் போகலாமா? ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை?

அப்பா அம்மாவைத் தாராளமாக. ஊரிலிருந்து வந்து வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பவர்களுக்கு முக்கால் மணி நேரக் கச்சேரியும் அப்படி ஒரு கட்டடமும் நல்ல மாற்றம், லிஃப்ட் இருக்கிறது, மாடிப்படி ஏறித்தான் ஆக வேண்டும் என்றில்லை. முட்டி வலி இல்லாதவர்கள் வாஷிங்டன் தெருப் பக்கம் நுழைந்து அந்தப் பளிங்குப் படிகளில் ஏறிப் போனால் இன்னும் நன்றாக இருக்கும்.

குழந்தை முக்கால் மணி நேரம் சத்தமில்லாமல் இருக்கும் என்றால் சரி. நேரலை ஒலிபரப்பு என்பதால் அழுகை நகரம் முழுக்கக் கேட்கும், ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து சட்டென்று வெளியே போகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களின் போனுக்கும் இதே விதி, சைலண்ட் போதாது, மடியில் வைத்து அதிர்ந்தாலும் அந்த அறையில் கேட்கும்.

சாப்பாடு?

உள்ளே வேண்டாம். லண்டன் கதையைச் சொல்லிவிட்டு இப்படிச் சொல்வது நியாயமில்லைதான், ஆனால் சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரிக்கிற சரசரப்பு மெதுவான பகுதியில் கொடுமை. ஒரு மணிக்கு வெளியே வந்தால் தெருவைக் கடந்ததும் மில்லினியம் பார்க், வெயில் இருந்தால் அங்கே உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை சாதத்தைப் பிரியுங்கள்.

என்ன உடுத்துவது?

ஆபீஸ் போகிற உடையே போதும். ஜனவரியில் குளிர்கோட்டை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், அது ஒன்றுதான் தொந்தரவு.

தாமதமானால் விடுவார்களா?

ஒரு படைப்பு முடிந்து கைதட்டல் கேட்கும்போது நுழையுங்கள், அதுவரை வாசலில் நில்லுங்கள். எந்த மதியக் கச்சேரிக்கும் இதுதான் மரியாதை.

சிகாகோவில் இல்லை, வேறு எங்காவது?

ஆம்ஸ்டர்டாம் போனால் கன்செர்ட்கெபாவில் புதன்கிழமை 12.30-க்கு இலவச மதியக் கச்சேரி உண்டு, சீசன் நடக்கிற மாதங்களில். உலகின் மிகச் சிறந்த அரங்குகளில் ஒன்று என்று பேர் வாங்கிய இடம், விட்டுவிடாதீர்கள். பெர்லின் பில்ஹார்மனி அரங்கின் முன்கூடத்தில் ஒரு மணிக்கு நடக்கும், நாற்காலி கிடைக்காதவர்கள் படிக்கட்டிலும் தரையிலும் உட்கார்ந்து கேட்பார்கள். லண்டனில் மேலே சொன்ன நேஷனல் கேலரிக்குப் பக்கத்திலேயே இருக்கும் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தின் மதியக் கச்சேரிகளும் ரொம்ப காலமாகப் பிரபலம். கோடையில் எல்லா ஊரிலும் கொஞ்ச நாள் லீவு விடுவார்கள், பார்த்துக்கொண்டு போங்கள்.

லீவு கிடைக்காது, வர முடியாது. என்ன செய்ய?

டபிள்யூ.எஃப்.எம்.டி. வானொலியை 98.7 எஃப்.எம்.-இல் போடுங்கள், இணையத்திலும் வரும். சாக்ஸபோன் ரேடியோவுக்கு நன்றாகவே ஒத்துவரும். காரில் கேட்பதைவிட ஹெட்போனில் கேளுங்கள், மூச்சு இழுக்கிற சத்தமும் சாவிகளின் டக் டக் சத்தமும் அதில்தான் கிடைக்கும். அந்த 45 நிமிஷத்துக்கு மட்டும் மீட்டிங் போடாமல் காலண்டரை அடைத்து வையுங்கள்.